‘போதுமான அளவு’: மாத்திரை அட்டை சொல்ல மறுக்கும் தானியத்தின் பெயர்

(சற்று நீண்ட பதிவு.)

இந்தியாவில் விற்கப்படும் மாத்திரை அட்டை ஒன்றைத் திருப்பிப் பார்த்தால், செயல்மருந்தின் பெயரும் அதன் அளவும் மில்லிகிராம் துல்லியத்தோடு அச்சாகியிருக்கும். அதற்கடுத்த வரியில், பல அட்டைகளில், ‘எக்சிபியன்ட்ஸ் க்யூ.எஸ்.’ என்றிருக்கும். எக்சிபியன்ட் என்பது மருந்தைச் சுமந்து நிற்கும் துணைப்பொருள். ‘க்யூ.எஸ்.’ என்பது ‘குவாண்டம் சஃபிசிட்’ என்னும் இலத்தீன் தொடரின் சுருக்கம். ‘போதுமான அளவு’ என்று பொருள். தமிழ்ச் சமையற்குறிப்புகளின் இறுதியில் வரும் ‘உப்பு – தேவையான அளவு’ என்பதற்கு இது நெருங்கிய உறவு. ஆனால் சமையற்குறிப்பு அளவை மட்டுமே சமைப்பவரின் கைப்பக்குவத்துக்கு விடுகிறது. பொருளின் பெயரை மறைப்பதில்லை. ‘உப்பு’ என்று சொன்ன பிறகே ‘தேவையான அளவு’ என்கிறது. மாத்திரை அட்டையோ அளவோடு பெயரையும் சேர்த்து விழுங்கிவிடுகிறது. எந்தப் பொருள் போதுமான அளவு? யாருக்குப் போதுமான அளவு? இரண்டு வினாக்களுக்கும் அங்கே விடையில்லை.

பெரும்பாலோருக்கு இந்த மௌனம் ஒரு பொருட்டல்ல. சீலியாக் நோயுடன் வாழ்பவருக்கோ அன்றாட வாழ்வின் மையச் சிக்கலே இதுதான்.

புனே நகரின் கிழக்கில், முளா-முத்தா ஆற்றை ஒட்டி வளர்ந்திருக்கும் கராடியை எடுத்துக்கொள்வோம். தகவல் தொழில்நுட்ப வளாகங்களும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் நெருங்கி நிற்கும் இந்தப் பகுதியில், தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்களைக் காண்பது அரிதன்று. அவர்களுள் ஒருவர், அண்மையில் சீலியாக் நோய் உறுதி செய்யப்பட்ட ஓர் இளம்பெண், மருத்துவர் எழுதித் தந்த சீட்டுடன் மருந்துக் கடையில் நிற்பதாக எண்ணிப் பார்க்கலாம். சீட்டில் தைராய்டு மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம், வைட்டமின் டி. அவர் தம் அரைகுறை இந்தியில் கேட்கிறார்: “இவற்றில் குளூட்டன் இருக்கிறதா?” கடைக்காரர் திருப்பிக் கேட்கிறார்: “குளூக்கோஸா? உங்களுக்குச் சர்க்கரை நோயா?” விளக்கிச் சொன்னதும் சிரிக்கிறார்: “மேடம், இது மருந்து. மருந்தில் கோதுமை எப்படி வரும்?”

இந்தச் சிரிப்பில் தீய எண்ணம் எதுவுமில்லை. கடைக்காரருக்குத் தெரிய வாய்ப்பில்லை, ஏனெனில் அவர் கையிலிருக்கும் அட்டை அவருக்கும் சொல்லவில்லை. நோயாளி நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணை அழைக்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். எதிர்முனையில் பேசுபவருக்கு முன்னிருக்கும் திரையிலும் அந்தத் தகவல் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. விடை வரும்வரை அவர் மாத்திரையை விழுங்குவதா, நிறுத்திவைப்பதா? இந்த வினாவை ஒரு நோயாளி தனியாக, மருந்துக் கடை வாசலில் நின்றுகொண்டு தீர்க்க வேண்டியிருப்பதே ஒரு பொது அநீதி என்பதுதான் இப்பதிவின் வாதம்.

முதலில் நோயைப் பற்றி. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதத் தொகுதியே குளூட்டன். இலத்தீனில் அச்சொல்லுக்குப் பசை என்று பொருள். சப்பாத்தி மாவு இழுத்தால் இழுபடுவதும் பரோட்டா மாவு வீச வீச விரிவதும் அதனால்தான். சீலியாக் நோயுள்ளவர் குளூட்டனை உண்ணும்போது, அவரது நோயெதிர்ப்பு மண்டலம் அவரது சிறுகுடலின் உட்சுவரையே தாக்குகிறது. சத்துகளை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து மழுங்குகின்றன. வயிற்றுப்போக்கு, இரத்தசோகை, எலும்புத் தேய்வு, குழந்தைகளிடம் வளர்ச்சிக் குறைவு எனப் பல வடிவங்களில் அது வெளிப்படும். சிலரிடம் வயிற்றுக்கோளாறே இல்லாமல் இரத்தசோகை மட்டும் தலைகாட்டும். இதற்கு மாத்திரையோ ஊசியோ இல்லை. வாழ்நாள் முழுவதும் குளூட்டனை விலக்குவது ஒன்றே மருத்துவம்.

இதைக் கண்டறிந்த வரலாறு போரோடும் பட்டினியோடும் பிணைந்தது. நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் காரெல் டிக்கே, கோதுமைக்கும் இந்நோய்க்கும் தொடர்பிருப்பதை 1930களிலிருந்தே ஐயுற்றிருந்தார். 1944-45 குளிர்காலத்தில் அந்நாட்டில் கடும் பஞ்சம் நிலவி ரொட்டி கிடைக்காமற்போனபோது, ஊரே மெலிய, சீலியாக் குழந்தைகளின் நோய் தணிந்தது. ரொட்டி திரும்பி வந்ததும் நோயும் திரும்பியது. 1950இல் அவர் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு இந்தத் தொடர்பை நிறுவியது. மருந்தைச் சேர்த்ததால் அல்லாமல் ஓர் உணவை நீக்கியதால் குணம் காணும் நோய் இது. அப்படிப்பட்ட நோயாளிக்குக் கொடுக்கும் மருந்துக்குள் அதே உணவு பெயரின்றி நுழையக்கூடும் என்பதில் உள்ள முரணை விளக்க வேண்டியதில்லை.

தமிழில் இந்நோயைக் குறிக்கப் பலரும் ‘கோதுமை ஒவ்வாமை’ என்கிறார்கள். புழக்கத்துக்கு எளிதான சொல்தான். ஆனால் தவறான சொல். ஒவ்வாமை என்பது உடனே தடிப்பாகவோ மூச்சுத் திணறலாகவோ வெளிப்பட்டு, பிறகு தணியக்கூடியது. சீலியாக் என்பது உடல் தன்னைத்தானே தாக்கிக்கொள்ளும் நோய். அதன் சேதம் ஓசையின்றி, மாதக்கணக்கில் நிகழ்வது. ‘ஒவ்வாமை’ என்று கேட்டவுடன் ‘ஒரு செட்ரிசின் போட்டுக்கொண்டால் சரியாகிவிடும்’ என்று கருதும் மனநிலை இந்தப் பெயரிலிருந்தே பிறக்கிறது. பெயர் பிழைத்தால் மருத்துவமும் பிழைக்கும். மாத்திரை அட்டையின் சிக்கலும் அடிப்படையில் பெயரின் சிக்கலே.

ஒரு மாத்திரையில் செயல்மருந்து பெரும்பாலும் சிறுபான்மை. தைராய்டு மாத்திரையை எடுத்துக்கொண்டால், அதிலுள்ள லீவோதைராக்சின் மைக்ரோகிராம் கணக்கில்தான் இருக்கும்; 50 மைக்ரோகிராமை விரலால் பிடிக்கவும் இயலாது. கண்ணுக்குத் தெரியும் மாத்திரை முழுவதும் ஏறக்குறையத் துணைப்பொருள்களால் ஆனது. பருமன் தர ஒரு நிரப்பி, துகள்களைப் பிணைக்க ஒரு பிணைப்பி, வயிற்றில் சென்று உடைந்து கரைய ஒரு சிதைப்பி, அச்சில் ஒட்டாமலிருக்க ஒரு வழுக்கி, மேலே ஒரு பூச்சு. இவற்றுள் நிரப்பி, பிணைப்பி, சிதைப்பி ஆகிய மூன்று வேலைகளையும் செய்யவல்ல மலிவான பொருள் மாவுச்சத்து, அதாவது ஸ்டார்ச். அது மக்காச்சோளத்திலிருந்து வரலாம்; உருளைக்கிழங்கிலிருந்து வரலாம்; அரிசியிலிருந்தோ, சேலத்து ஜவ்வரிசி ஆலைகள் நன்கறிந்த மரவள்ளிக் கிழங்கிலிருந்தோ வரலாம்; கோதுமையிலிருந்தும் வரலாம். முதல் நான்கும் சீலியாக் நோயாளிக்குத் தீங்கற்றவை. ஐந்தாவதில் குளூட்டனின் எச்சம் இருக்கும். ஐந்துக்கும் பொதுப்பெயர் ‘ஸ்டார்ச்’. டெக்ஸ்ட்ரின், மால்டோடெக்ஸ்ட்ரின், முன்னரே கூழாக்கிய ஸ்டார்ச் முதலிய வழிப்பொருள்களுக்கும் இதே மயக்கம் உண்டு. சத்து டானிக்குகளில் சுவைக்காகச் சேர்க்கப்படும் மால்ட் பெரும்பாலும் பார்லியின் பிள்ளை.

ஆகவே, நாளையே விதிகள் திருத்தப்பட்டுத் துணைப்பொருள்களின் பெயர்கள் அட்டையில் ஏறினாலும், ‘ஸ்டார்ச்’ என்று எழுதி நிறுத்தினால் பயன் பாதிதான். எந்தத் தானியத்தின் ஸ்டார்ச் என்பதே சீலியாக் நோயாளிக்கு வேண்டிய தகவல்.

இனி சட்டத்துக்கு வருவோம். உணவைப் பொறுத்தவரை இந்தியச் சட்டம் இந்த நோயாளியை அறிந்திருக்கிறது. ‘குளூட்டன் இல்லாதது’ என்று விற்கப்படும் உணவில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக்கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையத்தின் வரம்பு. இது உலக அளவில் ஏற்கப்பட்ட கோடெக்ஸ் அளவுகோலும்கூட. பொட்டலத்தில் அடைத்த உணவில் குளூட்டன் கொண்ட தானியம் இருந்தால் அதை அறிவிக்க வேண்டும் என்று ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விவரச்சீட்டு விதிமுறைகள் சொல்கின்றன. இதன் பயனைத் தமிழ் அடுக்களை நன்றாக உணரும். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பல வகைகளில் கோதுமை மாவு சேர்ந்திருக்கிறது. சாம்பாரிலும் ரசத்திலும் விழும் அந்தச் சிட்டிகைக்குள் கோதுமை இருக்கும் என்று எந்தப் பாட்டியும் எண்ணியிருக்கமாட்டார். டப்பாவைத் திருப்பிப் படித்தால் தெரிந்துவிடும்; வேறு பெருங்காயம் வாங்கிக்கொள்ளலாம்.

அதே வீட்டின் மருந்துப் பெட்டிக்கு இந்த வாய்ப்பு இல்லை. 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுப்பொருள்கள் சட்டத்தின் கீழ் 1945இல் வகுக்கப்பட்ட விதிகளுள் 96ஆம் விதிதான் மருந்து அட்டையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்வது. மருந்தின் பெயர், செயல்மருந்தின் அளவு, தொகுதி எண், உரிம எண், தயாரிப்பு நாள், காலாவதி நாள் முதலியவற்றை அது கேட்கிறது. துணைப்பொருள் ஒவ்வொன்றையும் அதன் மூலத்தோடு பெயர் சொல்லிப் பட்டியலிடச் செய்யும் மரபு அதன் நீண்ட வரலாற்றில் உருவாகவில்லை.

துணைப்பொருள்களின் முக்கியத்துவம் சட்டத்துக்குத் தெரியாது என்றும் சொல்ல இயலாது. உட்கொள்ளும் திரவ மருந்தில் ஆல்கஹால் 3 விழுக்காட்டைத் தாண்டினால் அதன் அளவை அறிவிக்க வேண்டும் என்று இதே விதித்தொகுப்பு சொல்கிறது. மருந்தில் சேரும் நிறமியின் பெயரை அட்டையில் குறிக்க வேண்டும் என்று 127ஆம் விதி சொல்கிறது. அதனால்தான் பல அட்டைகளில் ‘நிறம்: டைட்டானியம் டையாக்சைடு’ என்ற வரி இருக்கிறது. மாத்திரையின் நிறத்துக்குப் பெயர் உண்டு. அதன் உடலுக்குப் பெயர் இல்லை. சட்டையின் சாயத்தைச் சொல்லிவிட்டுத் துணி எதுவென்று சொல்லாத கடைக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

2022 நவம்பரில் இவ்விதிகளில் ஒரு திருத்தம் வந்தது. நன்கு விற்பனையாகும் 300 மருந்து வகைகளின் உறையில் கியூஆர் குறியீடு இருக்க வேண்டும் என்ற அந்த ஆணை 2023 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கைப்பேசியால் தொட்டால் மருந்தின் பெயர், தயாரிப்பாளர், தொகுதி எண், நாள்கள், உரிம எண் ஆகியவை திரையில் விரியும். போலி மருந்தைத் தடுப்பதற்காகச் செய்த ஏற்பாடு, வரவேற்கத்தக்கதுதான். ஆயினும் அந்தத் திருத்தம் வகுத்த தகவல் பட்டியலில் துணைப்பொருளுக்கு இடமில்லை. கதவைத் திறந்துவிட்டு விளக்கை மட்டும் ஏற்றாமல் விட்டார்கள்.

இக்கோரிக்கைக்கு எதிராகச் சொல்லப்படும் மறுப்புகள் நான்கு. அவற்றைத் தட்டிக்கழிக்காமல் எதிர்கொள்வதே நேர்மை.

முதல் மறுப்பு: மாத்திரையில் இருக்கக்கூடிய குளூட்டன் மிகச் சொற்பம். இது உண்மை; இதை மறைத்து அச்சமூட்டுவது நோயாளிகளுக்கே தீங்கு செய்யும். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017 டிசம்பரில் வெளியிட்ட வரைவு வழிகாட்டுதல், கோதுமை ஸ்டார்ச் சேர்ந்தாலும் ஒரு வேளை மருந்தில் 0.5 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்காது என்று மதிப்பிட்டது. செயலற்ற உட்பொருளாகக் கோதுமை மாவையோ குளூட்டனையோ வேண்டுமென்றே சேர்த்த வாய்வழி மருந்து எதுவும் அங்கே சந்தையில் இருப்பதாகத் தனக்குத் தெரியவில்லை என்றும் சொன்னது. 30 கிராம் மாவில் செய்த ஒரு சப்பாத்தியில் ஏறத்தாழ 3 கிராம், அதாவது 3,000 மில்லிகிராம் குளூட்டன் இருக்கும். அதன் முன் 0.5 மில்லிகிராம் ஒரு தூசு.

ஆனால் சீலியாக் நோயாளியின் கணக்கு சப்பாத்தியில் தொடங்குவதில்லை. பெரும்பாலான நோயாளிகளுக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் வரை தீங்கில்லை என்பது மருத்துவ உலகில் பரவலாக ஏற்கப்பட்ட எல்லை. நாள்தோறும் 50 மில்லிகிராம் உண்டவர்களிடம் மூன்று மாதங்களில் குடல் சேதம் காணப்பட்டதை ஓர் இத்தாலிய ஆய்வு 2007இல் காட்டியது. கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்ற வரம்பைத் தொட்டு நிற்கும் உணவை ஒருவர் அரைக் கிலோ உண்டால், அந்த 10 மில்லிகிராம் அங்கேயே தீர்ந்துவிடுகிறது. அதற்கு மேல் நாளுக்கு ஆறு மாத்திரைகள், ஒவ்வொன்றிலும் அதிக அளவான 0.5 மில்லிகிராம் எனக் கொண்டால், கூடுதலாக 3 மில்லிகிராம். ஒரு வேளை விழுங்கும் காய்ச்சல் மாத்திரைக்கு இது பொருட்டல்ல. வாழ்நாள் முழுதும் நாள்தோறும் விழுங்கும் மாத்திரைக்கு இது எண்ணிப் பார்க்க வேண்டிய தொகை. சீலியாக் நோயாளிகளிடம் தைராய்டுக் கோளாறும் முதல் வகை நீரிழிவும் மற்றவர்களைவிட மிகுதி. இரும்பு, கால்சியம் குறைபாடும் மிகுதி. நாட்டிலேயே அதிகமாக நாள்பட்ட மாத்திரை விழுங்க வேண்டியவர்களுள் அவர்களும் அடங்குவர்.

இதைவிட முக்கியமான ஒன்றுண்டு. அளவு சொற்பம் என்றால் அதை அட்டையில் எழுதுவதில் என்ன தடை? ஐரோப்பிய ஒன்றியம் அதைத்தான் செய்கிறது. கோதுமை ஸ்டார்ச் சேர்ந்த மருந்தின் தாளில், இதில் குளூட்டன் மிகமிகக் குறைவு, சீலியாக் நோயாளிக்குத் தீங்கு நேர வாய்ப்பு மிகக் குறைவு, ஒரு மாத்திரையில் இத்தனை மைக்ரோகிராமுக்கு மேல் இல்லை, கோதுமை ஒவ்வாமை உள்ளவர் இதைத் தவிர்க்க வேண்டும் என்ற பொருளில் வாசகங்கள் இடம்பெற வேண்டும். நோயாளியின் அச்சத்தைப் போக்கும் தகவலும் இதுதான், ஒவ்வாமையையும் சீலியாக்கையும் பிரித்துச் சொல்லும் தகவலும் இதுதான். தீங்கு சிறிது என்ற வாதம் உண்மையில் வெளிப்படைத்தன்மைக்குச் சாதகமான வாதம்.

மௌனத்தின் உண்மையான தீங்கு மில்லிகிராமில் இல்லை. உணவில் எவ்வளவு கவனமாக இருந்தும் நோய்க்குறிகள் தணியாத நோயாளியிடம் மருத்துவர் கேட்கும் முதல் வினா, ‘தெரியாமல் எங்கேனும் குளூட்டன் உட்கொள்கிறீர்களா?’ என்பது. அந்த வினாவுக்கு விடை தேடி அடுக்களையின் ஒவ்வொரு டப்பாவையும் திருப்பிப் பார்த்தவர், கடைசியில் மாத்திரை அட்டைக்கு வந்து நிற்கிறார். அங்கே விடையில்லை. ஐயம் வளர்கிறது. சிலர் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவர், சிலர் நிறுத்திவிடுவர். தைராய்டு மாத்திரையை அச்சத்தால் நிறுத்திய ஒருவருக்கு நேரும் கேடு, அந்த மாத்திரையில் ஒருவேளை இருந்திருக்கக்கூடிய அரை மில்லிகிராம் குளூட்டனால் நேரும் கேட்டைவிடப் பன்மடங்கு பெரிது. அட்டையில் ஒரு வரி எழுதியிருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய கேடு அது.

இரண்டாம் மறுப்பு: இது கோதுமை உண்ணும் வடவர் நோய், தமிழருக்கு என்ன? வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய குடலியல் அறிஞர் பி. எஸ். ராமகிருஷ்ணா முதன்மை ஆசிரியராக இருந்து 2016இல் வெளியான ஆய்வு இதற்கு நேரான விடை தருகிறது. இந்தியாவின் மூன்று வட்டாரங்களில் 23,331 பேரை ஆராய்ந்த அது, சீலியாக் எதிர்ப்பொருள்கள் வடக்கே 1.23 விழுக்காட்டினரிடமும் தெற்கே 0.10 விழுக்காட்டினரிடமும் இருப்பதைக் கண்டது. இதை மட்டும் படித்தால் மறுப்பு வென்றதுபோல் தோன்றும். ஆனால் நோய்க்கு இடம்கொடுக்கும் மரபணு வகைகள் வடக்கு, தெற்கு என்ற வேறுபாடு அதிகமின்றி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரிடம் இருந்தன. பெரிதும் வேறுபட்டது கோதுமை உண்ணும் அளவு: வடக்கே நாளுக்குச் சராசரி 455 கிராம், தெற்கே 25 கிராம். தமிழரைக் காத்துவந்தது குருதியன்று, சோறு என்று எண்ண இடமுண்டு. மரபணுவோடு கராடிக்குக் குடிபெயர்ந்து, அலுவலக உணவகத்தில் நாளுக்கு இருவேளை சப்பாத்தி உண்ணும் தலைமுறைக்கு அந்தக் காப்பு எத்தனை நாள் நிலைக்கும்? தமிழ்நாட்டிலேயே இரவுச் சோறு சப்பாத்திக்கு வழிவிட்டுப் பல ஆண்டுகளாயின. மேலும், அரிதான நோய் என்பதனாலேயே அதன் நோயாளிக்குத் தகவல் மறுக்கலாம் என்பது எந்த அறத்தில் சேரும்?

மூன்றாம் மறுப்பு: துணைப்பொருள் கலவை நிறுவனங்களின் வணிக இரகசியம். இந்த வாதம் துறைமுகம் வரைதான் செல்லும். இந்திய நிறுவனங்கள் ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்யும் மாத்திரையின் தாளில் ‘பிற உட்பொருள்கள்’ என்ற தலைப்பின் கீழ்த் துணைப்பொருள்கள் அனைத்தும் பெயர் சொல்லி அச்சாகின்றன. அமெரிக்காவில் விற்கும் மருந்தின் செயலற்ற உட்பொருள்களை யாரும் இணையத்தில் படிக்கலாம். லிஸ்பனில் இருக்கும் நோயாளிக்குச் சொல்லக்கூடியதைக் கராடியில் இருக்கும் நோயாளியிடம் மறைத்தால், அதற்கு இரகசியம் என்று பெயரில்லை. இந்திய நோயாளி கேட்கமாட்டார் என்ற நம்பிக்கை என்று பெயர். இதே புனேயின் மறுமுனையில், பிம்ப்ரியில், 1954இல் விடுதலை இந்தியா தன் மக்களுக்கென்று அரசு ஆண்டிபயாட்டிக் ஆலை ஒன்றை நிறுவியது. மருந்தில் தற்சார்பு என்பது உற்பத்தியோடு முடிந்துவிடக்கூடிய இலட்சியம் அன்று.

நான்காம் மறுப்பு: அட்டையில் இடமில்லை. 300 மருந்துகளுக்குக் கியூஆர் குறியீடு ஏற்கெனவே கட்டாயம். அதனுள் இன்னும் ஐந்து வரிகள் சேர்ப்பதற்கு மையும் வேண்டா, தாளும் வேண்டா.

‘செயலற்றவை’ என்ற பெயரையும் கேள்விக்குள்ளாக்க வேண்டியிருக்கிறது. மருந்துகளின் வரலாற்றில் சில பெருந்துயரங்கள் செயல்மருந்தால் நேரவில்லை. செயலற்றது என்று கருதப்பட்ட பொருளால் நேர்ந்தன. 1937இல் அமெரிக்காவில் சல்ஃபானிலமைடு மருந்தைக் கரைக்க டைஎதிலீன் கிளைக்காலைப் பயன்படுத்தியதால் நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அடுத்த ஆண்டே அங்கே புதிய மருந்துச் சட்டம் வந்தது. 1968இல் ஆஸ்திரேலியாவில் பெனிட்டாயின் காப்ஸ்யூலின் நிரப்பியைக் கால்சியம் சல்ஃபேட்டிலிருந்து லாக்டோஸுக்கு மாற்றியபோது, மருந்தின் அளவு மாறாமலேயே நோயாளிகளின் இரத்தத்தில் மருந்து மிகுந்து நச்சானது. 1986இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் நச்சுக் கலந்த கிளிசரினால் 14 பேர் இறந்தனர். நீதிபதி லெண்டின் ஆணையம் அதை விசாரித்தது. 2025இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தால் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாராவில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் மாண்டனர். அதிலும் நஞ்சு டைஎதிலீன் கிளைக்காலே. கோதுமை ஸ்டார்ச்சை அந்த நஞ்சோடு ஒப்பிடுவது தவறாகும். இங்கே அந்த ஒப்பீடு இல்லை. மாத்திரையில் ‘சும்மா’ இருக்கும் பொருள் எதுவுமில்லை, கவனிக்கப்படாத பொருளே உண்டு என்பதுதான் இவ்வரலாறு தரும் பாடம்.

சித்த மருத்துவ மரபு இதை வேறொரு வழியில் அறிந்திருந்தது. சூரணத்தையோ பற்பத்தையோ எதனோடு உண்ண வேண்டும் என்பதற்கு அங்கே ‘அனுபானம்’ என்று பெயர். தேனா, நெய்யா, பாலா, வெந்நீரா என்பதை வைத்தியர் பெயர் சொல்லிக் கூறுவார். அனுபானம் மாறினால் மருந்தின் போக்கும் மாறும் என்பது அவர்கள் கொள்கை. கூடவே பத்தியமும் சொல்லப்படும். அந்த மரபின் மருந்துகள் அனைத்தையும் ஏற்க வேண்டியதில்லை. அவற்றின் உட்பொருள் வெளிப்படைத்தன்மையும் இன்று கேள்விக்குரியதே. ஆயினும், மருந்தைச் சுமந்து வரும் பொருளுக்கும் பெயர் உண்டு, அந்தப் பெயர் நோயாளியின் காதில் விழ வேண்டும் என்ற எண்ணம் தமிழுக்குப் புதிதன்று. திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் பெரிதும் உணவைப் பற்றியே பேசுவதையும் இங்கே நினைவுகூரலாம்.

வர்க்கத்தின் கேள்வியும் இதனுள் இருக்கிறது. கராடியின் மென்பொருள் பணியாளருக்கு ஆங்கிலம் உண்டு, இணையம் உண்டு, நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதிக் காத்திருக்க நேரமும் உண்டு. அவர் பணியாற்றும் வளாகத்தின் கட்டடத் தொழிலாளிக்கு இவற்றுள் எதுவுமில்லை. உணவில் அந்தத் தொழிலாளிக்கு மண்ணின் காப்பு உண்டு: மராட்டியத்தின் சோள பாக்கரியும் கம்பு பாக்கரியும் இயல்பிலேயே குளூட்டன் அற்றவை. மருந்தில் அவருக்கு எந்தக் காப்பும் இல்லை. மலிவு விலை மக்கள் மருந்தகத்தில் ஒரே பெயரில் விற்கும் மாத்திரை, இந்த மாதம் ஒரு தயாரிப்பாளரிடமிருந்தும் அடுத்த முறை வேறொருவரிடமிருந்தும் வரக்கூடும். துணைப்பொருளும் அதனோடு மாறக்கூடும். அட்டை பேசாதவரை, கேட்கத் தெரிந்தவருக்கு மட்டுமே பாதுகாப்பு. கேட்டறிந்து பெறுவது சலுகை; படித்தறிந்து பெறுவதுதான் உரிமை.

ஆகவே வேண்டுவன இவை. ஒன்று, எல்லா வாய்வழி மருந்துகளின் அட்டையிலோ குறியீட்டிலோ துணைப்பொருள்கள் அனைத்தின் பெயரும் இடம்பெற வேண்டும். இரண்டு, ஸ்டார்ச், டெக்ஸ்ட்ரின், மால்ட் ஆகியவற்றுக்கு மூலத் தாவரத்தின் பெயர் கட்டாயமாக வேண்டும். மூன்று, கோதுமை, பார்லி, ரை வழிப்பொருள் இருப்பின் ஒரு மாத்திரையில் உள்ள குளூட்டனின் உச்ச அளவை மைக்ரோகிராமில் சொல்ல வேண்டும். இல்லையெனில் ‘இல்லை’ என்று ஒரே வரியில் சொல்ல வேண்டும். நான்கு, இத்தகவல் தமிழ், மராத்தி உள்ளிட்ட இந்திய மொழிகளில் கிடைக்க வேண்டும். குறியீட்டுக்குப் பின்னால் விரியும் திரைக்கு மொழிப் பற்றாக்குறை என்ற சாக்கு செல்லாது.

பல்கலைக்கழகங்களும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. மருந்தியல் துறை மாணவர் பத்துப் பேர் ஒரு பருவத்தில், தைராய்டு, இரும்பு, கால்சியம் என்று சீலியாக் நோயாளிகள் மிகுதியாக உட்கொள்ளும் மருந்துகளின் துணைப்பொருள்களை நிறுவனங்களிடம் எழுதிக் கேட்டு, பதில் வந்ததையும் வராததையும் நாளோடு பதிந்து பொதுவில் வைக்கலாம். பதில் வராத கட்டங்களும் ஒரு தரவுதான். கொள்கை வகுப்போர் முன் வைக்கத்தக்க தரவு. தமிழ்க் கலைச்சொல் அறிஞர்கள் எக்சிபியன்ட், குளூட்டன், சீலியாக் ஆகியவற்றுக்கு மருந்துக் கடையில் சொன்னால் புரியும் சொற்களை நிலைப்படுத்தலாம். ‘கோதுமை ஒவ்வாமை’ என்ற பிழைப்பெயரை முதலில் விலக்கலாம்.

அதுவரை நோயாளிகள் செய்யக்கூடியது ஒன்றே: அச்சத்தால் எந்த மருந்தையும் தாமாக நிறுத்தாமல், மருத்துவரிடமும் மருந்தாளுநரிடமும் ஒவ்வொரு முறையும் ‘இதில் எந்த ஸ்டார்ச்?’ என்று கேட்பது. விடை கிடைக்காவிட்டாலும் கேட்பது. அந்த வினா ஆயிரம் கடைகளில் திரும்பத் திரும்ப ஒலித்தால், ‘போதுமான அளவு’ என்ற இலத்தீன் திரைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் தானியம் ஒருநாள் தன் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும்.